ரயிலுக்கும் கப்பலுக்கும் ஒரே டிக்கெட்

(இணையவழி இலக்கியக் கூடுகையின் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டப்ளினிலிருந்து பேசுகிறேன். இங்கே மாலை நான்கு மணிதான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நள்ளிரவு. தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதல் நன்றி. எனக்கு இன்றைக்கு இரவு டூட்டி இருக்கிறது. அதனால் நேரத்துக்குள் முடித்துவிடுவேன் என்று ஒருங்கிணைப்பாளர் பயப்பட வேண்டாம்.

‘பயணமும் இலக்கியமும்’ என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் இலக்கியம் முறையாகப் படித்தவள் இல்லை. பிளஸ் டூ முடித்து மூன்றரை வருட நர்ஸிங் டிப்ளமோ, அதோடு சரி. கதை எழுதுகிறேன், அதற்கு மேல் கோட்பாடு கீட்பாடு பேசத் தெரியாது. ஆகவே பயணத்தில் கையில் வைத்திருக்கிற ஒரு சின்னப் பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டிக்கெட்.

அதிலும் ஒரு குறிப்பிட்ட டிக்கெட். டப்ளினிலிருந்து பிரிட்டனுக்குப் போக விமானம் தவிர இன்னொரு வழி உண்டு. செயில்ரெயில் என்று பெயர். டப்ளின் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்றேகால் மணி நேரத்தில் வேல்ஸ் நாட்டின் ஓரத்தில் ஹோலிஹெட் என்ற ஊர். அங்கே துறைமுகமும் ரயில் நிலையமும் ஒரே இடம். பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தால் பிளாட்பாரம். அங்கிருந்து செஸ்டர், குரூ, மான்செஸ்டர், லண்டன் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். கப்பலுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். போகிற ஊர் எவ்வளவு தூரம் என்பதை வைத்து விலை. விமானம் மாதிரி நாள் நெருங்க நெருங்க எகிறாது.

நர்ஸுகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், எங்கள் ரோஸ்டர். அடுத்த வாரம் எந்த நாள் லீவு என்பது சில சமயம் இந்த வாரம்தான் தெரியும். அப்போது விமான டிக்கெட் பார்த்தால் தலை சுற்றும். செயில்ரெயில் சுற்றாது. கப்பல் ஆடினால்தான் சுற்றும்.

என் தங்கை செஸ்டரில் இருக்கிறாள். அவளும் நர்ஸ்தான். அதனால் இந்தப் பாதை எனக்கு மனப்பாடம். ஹோலிஹெட்டை விட்டால் கொஞ்ச நேரத்தில் ஐம்பத்தெட்டு எழுத்துப் பெயர் கொண்ட அந்த ஸ்டேஷன் வரும். பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அடுத்து மெனாய் நீரிணையின் மேல் பிரிட்டானியா பாலம். பிறகு கடல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே வரும். கான்வியில் ரயில் கோட்டைச் சுவரின் காலடியிலேயே நுழைந்து போகும். நான் அந்தப் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்காருவேன், இன்னமும்.

இந்தப் பாதை பழையது. 1848 ஆகஸ்ட் 1ஆம் தேதி லண்டன் யூஸ்டனிலிருந்து ஹோலிஹெட்டுக்கு ‘ஐரிஷ் மெயில்’ ஓடத் தொடங்கியது. தபாலையும் ஆட்களையும் அயர்லாந்துக் கப்பலுக்குக் கொண்டு சேர்க்க. அப்போது பிரிட்டானியா பாலம் கட்டி முடிந்திருக்கவில்லை. 1850இல்தான் முடிந்தது. அதுவரை மெனாய் நீரிணைக்கு இந்தப் பக்கம் ரயிலை விட்டு இறங்கி, தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய தொங்குபாலத்தைக் குதிரை வண்டியில் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ரயில் ஏறினார்கள். அவ்வளவு மூட்டை முடிச்சோடு. அதாவது ஆரம்பத்திலிருந்தே ரயில் ஓட்டுவதோ கப்பல் ஓட்டுவதோ பெரிய பாடு இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனிதரை மாற்றிவிடுவதுதான் பாடு.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், செஸ்டரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். காற்று. தண்டவாளத்தில் எங்கோ மரம் விழுந்து ரயில் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். கப்பலுக்கு அரை மணி முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை மணிக் கப்பல் போய்விட்டது. அடுத்தது நடுராத்திரி தாண்டி இரண்டரை மணிக்கு மேல்.

கவுன்டரில் இருந்த பெண்மணி என் டிக்கெட்டைப் பார்த்தார். “இந்த ரயிலில்தான் வந்தீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, இரண்டரை மணிக் கப்பலுக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு பைசா கேட்கவில்லை. ஏனென்றால் ரயில் தாமதமானது அவர்கள் கணக்கில் என் தப்பு இல்லை. ஒரே பயணம், ஒரே டிக்கெட்.

எனக்குப் பின்னால் அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஐரிஷ்காரர். இங்கிலாந்தில் கட்டட வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் அம்மா இறந்துவிட்டார், மறுநாள் காலை பூசை, அடக்கம். அவருடைய மகன் இன்டர்நெட்டில் ரயில் டிக்கெட்டைத் தனியாக, கப்பல் டிக்கெட்டைத் தனியாக, மலிவாக எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதே ரயில், அதே தாமதம். ஆனால் கப்பல்காரர்களுக்கு அவர் நேரத்துக்கு வராத ஒரு பயணி. அவ்வளவுதான். மறுபடி காசு கட்டினார். அந்தக் கவுன்டர் பெண்மணிக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. விதி அப்படி. அவர் சண்டை போடவில்லை. கார்டை எடுத்துத் தேய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மெஷின் டீ குடித்தோம். இரண்டரை மணி வரை அவருடைய அம்மாவைப் பற்றித்தான் பேச்சு.

அந்த ராத்திரி எனக்குத் தோன்றியதை நர்ஸ் பாஷையில்தான் சொல்ல முடியும். வார்டில் நோயாளிக்கு ஆபத்தான நேரம் எது என்று கேட்டால், நடுராத்திரி என்று சொல்வீர்கள். நான் ஷிஃப்ட் மாறுகிற அந்தப் பதினைந்து நிமிடம் என்பேன். என் கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு அவர் போகிற நேரம். ஹேண்டோவர். இங்கே அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: நீ யார், நோயாளிக்கு இப்போது என்ன, பின்னணி என்ன, உன் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் சொல்லியாக வேண்டும். சொல்லி முடிக்கும் வரை அவர் என் நோயாளி. அவள் வாங்கிக்கொண்ட பிறகு அவளுடைய நோயாளி. நடுவில் யாருடைய நோயாளியும் இல்லை என்று ஒரு நொடிகூட இருக்கக் கூடாது.

நான் இருக்கவிட்டிருக்கிறேன். படித்து முடித்த முதல் வருடம், ஊரில் ஒரு மருத்துவமனை. சர்க்கரை நோயாளி ஒரு பெரியவர். காலை இன்சுலினைப் போட்டுவிட்டு, சார்ட்டில் எழுதாமல், அடுத்து வந்தவளிடம் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். அவள் இரண்டாவது முறை ஊசியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பெரியவர்தான் “முன்னாடி இருந்த பாப்பா போட்ருச்சேம்மா” என்று சொல்லியிருக்கிறார். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இருபது வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பஸ்ஸைப் பிடித்தேனா என்பது ஞாபகமில்லை.

அந்த ஒரே டிக்கெட்டில் நான் பார்ப்பது இதைத்தான். கரை முடிகிற இடத்தில் உன்னை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

டப்ளினில் முதியோர் இல்லம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு பாட்டி. தொண்ணூறை நெருங்கியவர், மேயோ பக்கத்துக் கிராமம். பெயர் சொல்லக் கூடாது. அவரும் நர்ஸாக இருந்தவர். 1950களில் பதினெட்டு வயதில் இங்கிலாந்துக்குப் போய், அங்கேயே பயிற்சி, அங்கேயே வேலை, ஓய்வு பெற்ற பிறகு ஊர் திரும்பியவர். அந்தப் பத்து வருடத்தில் அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் நான்கு லட்சம் பேருக்கு மேல். மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சத்துக்குள் இருந்த நாடு. புதிதாக ஆரம்பித்திருந்த பிரிட்டிஷ் பொது மருத்துவத் துறைக்கு நர்ஸ் வேண்டும், இங்கே பெண்களுக்கு வேலை இல்லை. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் முன்னால் இவர்கள்தான் நர்ஸுகளை ஏற்றுமதி செய்தவர்கள். என்னை அவர் ‘அ ஸ்தோர்’ என்று கூப்பிடுவார். ஐரிஷ் மொழியில் ‘என் பொக்கிஷமே’ என்று அர்த்தம். மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் போனதும் இதே மாதிரி டிக்கெட்டில்தான். அப்போது டப்ளின் வெஸ்ட்லேண்ட் ரோ ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ரயில், டன் லேரி துறைமுகத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் கப்பலுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். ஹிபெர்னியா, கேம்ப்ரியா என்று இரண்டு தபால் கப்பல்கள். அவர் போனது எதில் என்று ஒருநாள் ஒன்றைச் சொல்வார், மறுநாள் இன்னொன்றை. ஆனால் டிக்கெட்டைப் பற்றி மட்டும் மாற்றாமல் சொல்வார். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா அதை அவருடைய கோட்டின் உள்பையில் வைத்து ஊக்கு குத்திவிட்டாராம். வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். கப்பலில் வாந்தி எடுக்கும்போதுகூட ஒரு கை அங்கேதான். கடைசியில் யூஸ்டனில் வாசலில் நின்ற ஆள் கையை நீட்டி டிக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். “அ ஸ்தோர், அவன் அதை வாங்கிய பிறகுதான் நான் அழுதேன்” என்றார். அது ஒருவழி டிக்கெட் வேறு.

டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும்போது ஒன்று கவனித்தேன். போய்ச் சேர்ந்தவர்களிடம் அந்தக் காலத்து டிக்கெட் இருக்காது. வாசலில் வாங்கிக்கொள்வார்கள். போகாதவர்களிடம்தான் இருக்கும்.

இலக்கியம் கொஞ்சமாவது பேசச் சொன்னதால், போகாத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் ‘ஈவ்லின்’ என்று ஒரு கதை. மிகச் சின்னக் கதை. குடிகார அப்பா, செத்துப்போன அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, கடையில் விற்பனை வேலை. ஃபிராங்க் என்ற கப்பல்காரனோடு போனஸ் அயர்ஸுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்கிறாள். பயணத்துக்குப் பதிவும் செய்தாயிற்று. டப்ளினின் நார்த் வால் துறையில், கூட்டத்துக்கு நடுவில், கப்பல் கிளம்பப் போகும்போது இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். போகவில்லை. இன்றைக்கு நான் கப்பலேறும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, அதே ஆற்றோரம்தான் நார்த் வால்.

அந்தக் கதை முதலில் ஒரு வாரப் பத்திரிகையில் 1904 செப்டம்பர் 10ஆம் தேதி வந்தது. சரியாக நான்கு வாரம் கழித்து, அக்டோபர் 8ஆம் தேதி, ஜாய்ஸ் அதே நார்த் வாலிலிருந்து நோரா பார்னக்கிளோடு கிளம்பிப் போனார். அவர் அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கப்பல் ஏறினார்கள். நோரா கால்வேயிலிருந்து வந்து டப்ளினில் ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆகவில்லை, கையில் காசு இல்லை, அவன் வருவானா என்ற உத்தரவாதம் இல்லை. ஏறிவிட்டார். எல்லோரும் ஜாய்ஸைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கப்பல் படியில் தனியாக ஏறிய நோராவைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று இருக்கிறது. இப்போது டப்ளின்–ஹோலிஹெட் வழியில் ஓடுகிற ஒரு பெரிய கப்பலுக்கு ‘யுலிசிஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் நின்று நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறேன். நாவலை இன்னும் முடிக்கவில்லை.

‘டப்ளினர்ஸ்’ புத்தகமாக வந்தது 1914. அதே வருடம் பிப்ரவரியில்தான் பாம்பன் பாலம் திறந்தார்கள். இனி எங்கள் ஊர்க் கதை.

எங்கள் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். போட் மெயில் போகிற வழி. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கே கப்பல் மேடையிலேயே ரயில் போய் நிற்கும். கப்பலில் தலைமன்னார். தலைமன்னாரில் இறங்கினால் இலங்கை ரயில் நிற்கும், கொழும்புக் கோட்டை வரை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். பாம்பன் பாலம் வருவதற்கு முன்பு தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் நேராகக் கொழும்பு. இந்த வழியில் ஒரே டிக்கெட்டோடு போனவர்களும் உண்டு. மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, ஊசி குத்தி, மருந்து தெளித்து, கங்காணியின் கணக்கில் ஏற்றித் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ படித்தவர்களுக்கு அந்தத் தோட்டத்துக்குள் போனவர்களின் கதி தெரியும். எங்கள் தாத்தா தோட்டத்துக்குப் போகவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அந்த அளவுக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம்.

1964இல் அம்மாச்சி இரண்டாவது பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்தார். நாலு வயதான என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பலில். அக்டோபரில் மாமா பிறந்தார். கிறிஸ்துமஸ் முடிந்து கிளம்பிவிடலாம் என்று தாத்தா கடிதம் போட, அம்மாச்சியின் அண்ணன் மதுரைக்குப் போய்க் கொழும்பு வரைக்கும் டிக்கெட் எடுத்து வந்தார். கனமான அட்டை டிக்கெட். டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டு போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரும் போயிற்று, ஸ்டேஷனும் போயிற்று, கப்பல் மேடையும் போயிற்று. பாம்பன் பாலத்தை நாற்பத்தாறு நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் போகவே இல்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் ரயில்வேயில் காசு தருவார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. அம்மாச்சி கொடுக்கவில்லை. “குடுத்துட்டா நான் போக மாட்டேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ணே” என்றாராம். பச்சைப்பிள்ளையையும் நாலு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, வேதப்புத்தகத்துக்குள் அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதே அக்டோபரில்தான் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தமும் ஆகியிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டில் கடை வேலை பார்த்தவர்களுக்கு அங்கே தங்குவதே வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டு வந்தது. சில வருடம் கழித்து ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் மறுபடி ஓடியது. அம்மாச்சி அதில் போகவில்லை. தாத்தாதான் அதில் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். மாமா அப்பாவை முதல்முறை பார்த்தது அன்றைக்குத்தான். கிட்டே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாராம்.

அந்தக் கப்பலும் 1984இல் நின்றுபோனது. இப்போது நிலைமை வேடிக்கையாக இருக்கிறது. தலைமன்னார் வரை ரயில் பாதையை 2015இல் திரும்பப் போட்டுவிட்டார்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப் பாலமே திறந்தாயிற்று. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகிற ஒரு ரயிலை ஜனங்கள் இன்னமும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு கரையிலும் ரயில் வந்து நிற்கிறது. நடுவில் போட்தான் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் ஒரு கப்பல் விட்டார்கள். நின்று நின்று ஓடினாலும் ஓடட்டும், நல்லது. ஆனால் நாகப்பட்டினம் வரைக்கும் வந்து சேர்வது உங்கள் பாடு.

அம்மாச்சியின் வேதப்புத்தகம் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையில் அந்த டிக்கெட்டைப் பார்த்திருக்கிறேன். பிறகு எந்த வீடு மாறும்போதோ விழுந்துவிட்டது. மெல்லிய தாள் இல்லையா, அந்தப் பக்கத்தில் அட்டை அழுத்திய செவ்வகத் தடம் மட்டும் இருக்கிறது. விரலை வைத்தால் தெரியும்.

டிக்கெட் இருந்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நான் 2006இல் அயர்லாந்து வந்தேன், தங்கை 2009இல் இங்கிலாந்து வந்தாள். எங்களுக்கு நடுவில் மூன்றேகால் மணி நேரக் கடலும் இரண்டு மணி நேர ரயிலும். ஐரிஷ்காரர்களும் பிரிட்டிஷ்காரர்களும் இந்தக் கடலை பக்கத்துத் தெரு மாதிரி தாண்டிப் போவார்கள், அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது இல்லை. அவள் இங்கே வர ஒரு விசா, நான் அங்கே போக ஒரு விசா. செயில்ரெயில் டிக்கெட்டை யார் கேட்டாலும் விற்பார்கள். கப்பலில் பெரிய சோதனைகூட இருக்காது என்று சொல்லிச் சிலர் விசா இல்லாமல் போய் வந்ததும் உண்டு. மாட்டிக்கொண்டால் வேலை, பதிவு எல்லாம் போகும். நாங்கள் பயந்தவர்கள். விசா கட்டணம், பேங்க் ஸ்டேட்மென்ட், லீவு எல்லாம் ஒன்றுகூடவில்லை. நான்கு வருடம் நானும் தங்கையும் சந்தித்துக்கொண்டது பரமக்குடியில் மட்டும்தான். அதுவும் ஒரே ஒருமுறை. 2013இல் எனக்கு ஐரிஷ் குடியுரிமை கிடைத்தது. அந்த மாதமே டிக்கெட் எடுத்தேன். மெனாய் பாலத்தில் ரயில் ஏறும்போது தங்கைக்கு போன் செய்து, “பாம்பன் மாதிரி இருக்குடி” என்றேன். இல்லவே இல்லை. அது உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் எங்கோ கீழே. ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. 2024 டிசம்பரில் அம்மா செஸ்டரில் தங்கையோடு இருந்தார், விசிட்டர் விசாவில். ஜனவரி 5ஆம் தேதி ஊர் திரும்ப வேண்டும். நான் கிறிஸ்துமஸுக்குப் போகிறேன் என்று 23ஆம் தேதிக்கு செயில்ரெயில் எடுத்து வைத்திருந்தேன். டிசம்பர் 7ஆம் தேதி டாரா என்ற புயல். ஹோலிஹெட்டில் கப்பல் கட்டும் துறைகள் சேதமாகித் துறைமுகத்தையே மூடிவிட்டார்கள். முதலில் சில நாள் என்றார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்குத் திறக்காது என்றார்கள். ஒரு துறை திறந்ததே ஜனவரி 16ஆம் தேதிதான். அயர்லாந்து முழுக்கப் பரிசுப் பொருள் பார்சல் எல்லாம் எந்தக் கரையிலோ கிடந்தன.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “இன்னிக்கித் தேதி பாத்தியாத்தா, அம்மாச்சிக்கும் இதே கிறிஸ்துமஸுதான். அறுபது வருசம்” என்றார். அது வரை எனக்குத் தோன்றவே இல்லை.

விமானத்தில் இடம் இருந்தது, ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. ரோஸ்டரில் 23, 24, 25 மூன்று நாள்தான் கையில். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டப்ளின் கனோலியிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு ரயில். பெல்ஃபாஸ்டிலிருந்து ராத்திரிக் கப்பலில் எட்டு மணி நேரம், பர்க்கன்ஹெட். அங்கிருந்து லோக்கல் ரயிலில் செஸ்டர். மூன்றும் தனித்தனி டிக்கெட். ஒன்று பிசகினால் அடுத்தது போச்சு, யாரிடமும் போய் நிற்க முடியாது. ரயில் எந்த ஸ்டேஷனிலாவது இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெல்ஃபாஸ்டில் துறைமுகத்துக்குப் போக டாக்ஸி கிடைக்காமல் இருபது நிமிடம் நின்றபோது ஜெபம்தான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம், “நாங்களும் அங்கேதான், ஏறிக்கொள்ளுங்கள்” என்று கூட்டிப்போனார்கள். கப்பலில் அறை எடுக்கவில்லை. நாற்காலியில் தூங்காமல் கிடந்தேன்.

24ஆம் தேதி காலை செஸ்டர் ஸ்டேஷனில் அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் தங்கை மகனின் கம்பளித் தொப்பி, சேலைக்கு மேல் யாருடைய ஜாக்கெட்டோ. கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் முதல் கேள்வி, “எத்தன டிக்கெட்டுத்தா?” “மூணும்மா.” “எங்க, காட்டு.” நான் போனைக் காட்டினேன். கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டார். “அப்ப அந்த மொத டிக்கெட்டு? கப்பலுக்கும் ரயிலுக்கும் சேத்து எடுத்தியே?”

“அது கேன்சல்மா. காசத் திருப்பித் தந்துட்டாங்க.”

“வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த பையில் ஒரு காதை வாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நேரமாகிவிட்டது. ஏழேமுக்காலுக்கு எனக்கு ஹேண்டோவர். அதற்குள் கேள்வி ஏதாவது இருந்தால் கேளுங்கள்.